அன்றாட வாழ்வில் அஞ்சாமை

தோற்றுவாய்

அஞ்சாமை என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவன போர்க்களமும், சிறைச்சாலையும், கொலைக்களமுமே. கிறிஸ்தவ விசுவாசத்தின் பொருட்டு அஞ்சாது நின்றவர் யாவர் என ஒருவர் வினவுவாராயின், இரத்தசாட்சிகளாய் மாண்டோரையே நாம் விரல் மடித்து எண்ணத் தொடங்குவோம். நம் தென்னாட்டிலே நீலகண்ட பிள்ளையாய்ப் பிறந்து, 1745-ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆகி, 1752-ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழிக் காட்டிலே சுடப்பட்டு உயிர்நீத்த பெருந்தகையை நாமெல்லாம் அறிவோம். 2022-ஆம் ஆண்டிலே கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையிற் சேர்த்தது. அத்தகையோரைப் போற்றுதல் நம் கடனேயாம்.

ஆயினும், நம்மிற் பெரும்பாலார்க்கு அத்தகைய நாள் வாய்க்கப் போவதில்லை. நமக்கு வாய்ப்பன வகுப்பறையும், விடுதியும், தேர்வுக்கூடமும், கடைத்தெருவும், உறவினர் வீட்டுப் பந்தியுமே. இவ்விடங்களிலே ஒரு கிறிஸ்தவ மாணவனுக்கு வேண்டப்படும் அஞ்சாமை யாது? அஃது எங்ஙனம் தவறுகின்றது? தவறியபின் எங்ஙனம் மீளப் பெறப்படுகின்றது? இவற்றை அப்போஸ்தலனாகிய பேதுருவின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு ஒருசிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டிலே 'தைரியம்' என நம் வேதாகமம் மொழிபெயர்த்துள்ள இடங்கள் பலவற்றிற் கிரேக்க மூலத்திற் காணப்படுஞ் சொல் 'பர்ரேசியா' என்பது. 'எல்லாம்' எனப் பொருள்படும் ஒரு சொல்லும், 'சொல்லுதல்' எனப் பொருள்படும் ஒரு சொல்லும் கூடிப் பிறந்தது அது. ஆகவே அதன் முதற்பொருள் முழுதுஞ் சொல்லுதல், ஒளியாது உரைத்தல் என்பதேயாம். பண்டை ஏதென்ஸ் நகரத்தார் தம் அவையிலே மனத்திற் பட்டதை மறையாது கூறுங் குடியுரிமையை இச்சொல்லாற் குறித்தனர். அடிமைகளுக்கு அவ்வுரிமை இல்லை. குடிமகனுக்கே உரியதாயிருந்த அச்சொல், பின்னர்ச் செம்படவரும் ஏவலருமாகிய எளியோர் பலர் கூடிய சீடர் கூட்டத்திற்கு உரியதாயிற்று.

நம் தமிழ்மறையாகிய திருக்குறளிலும் 73-ஆம் அதிகாரம் 'அவையஞ்சாமை' எனப் பெயர் பெறுகின்றது. கற்றதை அவையினர்முன் எடுத்துரைக்க மாட்டாதவனுடைய கல்வியாற் பயனில்லை என்பதே அவ்வதிகாரத்தின் சாரம். அங்ஙனங் கூறிய ஆசிரியரே பிறிதோரிடத்தில், அஞ்சத்தக்கவற்றிற்கு அஞ்சாதிருத்தல் மடமையென்றும் அறிவுறுத்துகின்றார். இவ்விரண்டையும் சேர்த்து நோக்குமிடத்து, அஞ்சாமையாவது அச்சமே இல்லாமை அன்று என்பது புலனாகும். எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சலாகாது எனத் தெளிந்து, அத்தெளிவின்படி வாய்திறத்தலே அது. உரத்த குரலும், தடித்த சொல்லும், கைவன்மையும் அதற்கு இன்றியமையாதன அல்ல.

வாளுக்கு அஞ்சாதவர் வினாவிற்கு அஞ்சினார்

கைவன்மைக்கும் இவ்வஞ்சாமைக்கும் உள்ள வேற்றுமையைப் பேதுருவின் ஓரிரவு வரலாறே விளக்குகின்றது. கெத்செமனே தோட்டத்திலே தீவட்டிகளோடும் படைக்கலங்களோடும் காவலர் வந்து தம் ஆண்டவரைச் சூழ்ந்தபோது, பேதுரு வாளை உருவி, மல்குஸ் என்னும் ஊழியக்காரனுடைய வலக்காதை வெட்டினார் என்று யோவான் சுவிசேஷம் 18-ஆம் அதிகாரம் கூறுகின்றது. எதிரே நின்றதோ பெருங்கூட்டம். உயிருக்கு அஞ்சுவோன் செய்யுஞ் செயலன்று அது.

அவ்விரவு விடியுமுன்னரே, பிரதான ஆசாரியனுடைய அரமனை முற்றத்திலே, குளிர்காய மூட்டிய கரிநெருப்பின் அருகே, ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு விடைசொல்ல அவரால் இயலவில்லை. அவள் கையில் வாளில்லை. அவரைத் தண்டிக்கும் அதிகாரமும் அவளுக்கில்லை. 'நீ அவரோடு இருந்தவனல்லவா' என்னும் அளவே அவள் கேள்வி. அதற்கு ஆம் என்று சொல்லமாட்டாதவராய் மும்முறை மறுதலித்தார்.

இஃது எங்ஙனம் நிகழ்ந்தது? தோட்டத்திலே அவரிடம் வேண்டப்பட்டது கையின் துணிவு. முற்றத்திலே வேண்டப்பட்டது தாம் யாரென்று சொல்லுந் துணிவு. தோட்டத்தில் ஆண்டவரும் நண்பரும் அருகே நின்றனர். முற்றத்தில் அறிமுகமில்லாதார் நடுவே அவர் தனித்திருந்தார். இரவோ குளிர்மிக்கது, நெருப்போ இதமாயிருந்தது. ஆம் என்று சொன்னால் அவ்விடத்தை விட்டு எழவேண்டி நேரும். இந்நிலை நமக்குப் புதியதன்று. நாமும் பல வேளைகளில் உயிருக்கு அஞ்சி வாய்மூடுவதில்லை. இதமான ஓரிடத்தை இழக்க அஞ்சியே வாய்மூடுகின்றோம்.

இங்கே தமிழ் பயில்வார் சுவைத்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. பேதுருவின் பேச்சே அவரைக் காட்டிக்கொடுத்தது என மத்தேயு எழுதுகின்றார். கலிலேயா நாட்டு வழக்கு அவர் நாவில் இருந்தது. சிற்றூரிலிருந்து கல்லூரிக்கு வந்து, ஊர்ப்பேச்சை மறைக்க முயன்று தோற்றவர் நம்மிற் பலர். தான் பிறந்த இடத்தையும் தன்னை ஆட்கொண்டவரையும் ஒருவன் மறைக்க முயன்றாலும் அவன் நாவே அவற்றை வெளியிட்டுவிடும்.

இந்நிகழ்ச்சியை நான்கு சுவிசேஷங்களுமே கூறுகின்றன என்பதும் கருதத்தக்கது. தன் தலைவர்களுள் முதல்வராய் மதித்தவரது வீழ்ச்சியை ஆதித் திருச்சபை மூடிவைக்கவில்லை. முழுதுஞ் சொல்லும் இயல்பு அந்நூல்களின் ஆக்கத்திலேயே அமைந்து கிடக்கின்றது.

இரண்டாவது நெருப்பு

கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில் வருகின்றது. முதலாவது, மேற்கூறிய அரமனை முற்றம். இரண்டாவது, யோவான் 21-ஆம் அதிகாரத்திற் கூறப்படும் திபேரியாக் கடற்கரை. இரவெல்லாம் வலைவீசி வெறுங்கையராய்த் திரும்பிய சீடர்க்கு, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையிலே கரிநெருப்பிட்டு, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கின்றார். மும்முறை மறுதலித்தவரிடம் மும்முறை அன்பைப்பற்றி வினவுகின்றார். 'ஏன் மறுதலித்தாய்' என்று ஒருமுறையேனும் கேட்டாரில்லை. முதலில் உணவளித்தார், அதன்பின் வினவினார், அதன்பின் ஊழியத்தை ஒப்புவித்தார்.

பேதுரு பெற்ற அஞ்சாமை பிறப்பினால் வந்ததன்று, மன்னிப்பினால் வந்தது. தன் குற்றம் முழுதும் அறிந்த ஒருவர் தன்னைத் தள்ளிவிடவில்லை எனக் கண்டவனுக்கு, இனிப் பிறர் கண்டுபிடித்துவிடுவரோ என்னும் நடுக்கம் எங்ஙனம் இருத்தல் கூடும்?

இதன் பயனை அப்போஸ்தலருடைய நடபடிகள் 4-ஆம் அதிகாரத்திற் காண்கின்றோம். தேவாலய வாயிலிலே சப்பாணி ஒருவனைக் குணமாக்கியதன் பொருட்டுப் பேதுருவும் யோவானும் பிடிக்கப்பட்டு, ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்தப்படுகின்றனர். அச்சங்கத்தில் வீற்றிருந்தோர் யாவர்? அன்னாவும் காய்பாவுமே. எவருடைய வேலைக்காரியின் முன் பேதுரு நடுங்கினாரோ, அவருக்கு முன்னரே இப்போது நாணாது நின்று இயேசுவின் நாமத்தை அறிவிக்கின்றார். அவ்விருவரும் கல்வியறிவில்லாத பேதைகள் என்று கண்டும், அவர்களுடைய 'பர்ரேசியா'வைக் கண்டு சங்கத்தார் வியப்புற்றனர். அவர்கள் இயேசுவோடிருந்தவர்கள் என்றும் அறிந்துகொண்டனர். முற்றத்தில் எதனை மறுத்தாரோ அதனையே இப்போது பகைவரும் அவர் முகத்திற் படித்தறிந்தனர்.

விடுவிக்கப்பட்ட இருவரும் தம்மவரிடம் சென்றபின் அக்கூட்டத்தார் செய்த ஜெபமும் நோக்கத்தக்கது. பயமுறுத்துவோர் அழிய வேண்டுமென்றோ, ஆபத்து நீங்க வேண்டுமென்றோ அவர்கள் கேட்கவில்லை. வசனத்தைத் தைரியமாய்ச் சொல்லும் வரத்தையே கேட்டனர். அதனை அடுத்து வரும் செய்தி, அவர்கள் தம் உடைமைகளைப் பொதுவாக வைத்து, வறியோர்க்குப் பகிர்ந்தளித்தனர் என்பதாம். வாயின் அஞ்சாமையும் கையின் ஈகையும் அங்கே ஒன்றாகவே வளர்ந்தன.

அந்தியோகியாப் பந்தி

இவ்வளவில் வரலாறு முடிந்திருக்குமாயின், அஞ்சாமை ஒருமுறை கிட்டினால் என்றும் நிலைத்திருக்கும் என நாம் மயங்கக்கூடும். அம்மயக்கத்தை நீக்குகின்றது கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2-ஆம் அதிகாரம். அந்தியோகியா பட்டணத்திலே பேதுரு புறஜாதியாரோடு ஒன்றாயிருந்து உண்டு வந்தார். யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடன், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அவர் விலகவே மற்ற யூதரும் விலகினர். நற்பண்பினராகிய பர்னபாவும் அவ்வழியே இழுப்புண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை முகமுகமாய்க் கடிந்துரைத்தார்.

சங்கத்தின் முன் அஞ்சாதவர் சாப்பாட்டிலே அஞ்சினார்! அன்று அவர் எக்கோட்பாட்டையும் வாயால் மறுக்கவில்லை. இருக்கையை மாற்றினார், அவ்வளவே. ஆனால் அவ்விருக்கை மாற்றமே சுவிசேஷத்தின் சத்தியத்திற்கு மாறாயிற்று எனப் பவுல் கொண்டார். சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்னும் பெயர் முதன்முதல் வழங்கியதும் இவ்வந்தியோகியாவிலேயே என்பதை நினைக்குங்கால், அப்பெயரின் பொருள் பந்தியிலே சோதிக்கப்படுகின்றது என்னும் உண்மை நம் உள்ளத்திற் பதிதல் வேண்டும்.

யான் கண்ட பந்தி

இப்பாடத்தை யான் நூலில் மட்டும் கற்றேனல்லன். கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறையில் உறவினர் இல்லத் திருமணமொன்றிற்கு என் வகுப்புத் தோழர் ஒருவரை அழைத்துச் சென்றிருந்தேன். அன்று காலை ஆலயத்தில் வேதபாடம் வாசித்தவனும் யானே. பந்தியில் இலைமுன் அமர்ந்தபோது, எனக்குப் பெரியப்பா முறையினரான முதியவர் ஒருவர் தோழரை நோக்கி, "தம்பிக்கு எந்த ஊர்? அப்பா என்ன செய்கிறார்?" என்று அன்பாகவே வினவினார். இவ்வினாக்கள் நம் நாட்டில் எதனை அறிதற்பொருட்டு எழுகின்றன என்பதை விரித்தல் வேண்டா. தோழர் வாய்திறக்குமுன் யான் முந்திக்கொண்டு, "என்னோடு படிக்கிறவர், பெரியப்பா. அவர் அப்பா பள்ளிக்கூடத்தில் வேலையாயிருக்கிறார்" என்றேன். "அப்படியா, வாத்தியாரா! நல்லது, நல்லது" என்று பெரியப்பா மகிழ்ந்து, சோறு போடச் சொன்னார்.

என் தோழரின் தந்தையார் பள்ளிக்கூடத்தில் வேலையாயிருப்பது மெய்யே. அவர் செய்வது அப்பள்ளியைக் கூட்டித் துப்புரவு செய்யும் வேலை. யான் கூறியவற்றுட் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் முழுதுஞ் சொல்லவில்லை. பெரியப்பா பிழைபடக் கொண்டதைத் திருத்தவுமில்லை. என் தோழரைக் காப்பதாக அப்பொழுது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் யான் காத்துக்கொண்டது அப்பந்தியில் என் இடத்தையே.

தோழர் இலையை நோக்கியபடியே உண்டு முடித்தார். மாலையிற் பேருந்து நிலையத்திற் பிரியும்போது, "எங்கள் அப்பாவின் வேலையைச் சொல்ல நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. இன்றைக்குத்தான் வெட்கமாயிருந்தது" என்று கூறி வண்டியேறினார். சேவல் கூவிய ஓசை அன்று என் செவியிலும் விழுந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பாவின் இல்லத்திற்குச் சென்று, "பெரியப்பா, அன்றைக்கு நான் சரியாகச் சொல்லவில்லை. அவர் அப்பா வாத்தியார் இல்லை; பள்ளிக்கூடத்தைக் கூட்டுகிறவர். நான்தான் மறைத்தேன்" என்றேன். அவர் சிறிதுபொழுது என் முகத்தையே நோக்கியிருந்து, "உன்னை யாரடா மறைக்கச் சொன்னது?" என்று மட்டும் கூறிச் செய்தித்தாளைக் கையிலெடுத்துக்கொண்டார். கல்லூரி திறந்தவுடன் தோழரிடம் மன்னிப்பு வேண்டினேன். அவர் நெடுநேரம் வாளாவிருந்து, "சரி, வா, சாப்பிடப் போகலாம்" என்றார். அன்று அவரோடு அமர்ந்துண்ட விடுதிச் சோற்றைப்போற் சுவையுடைய உணவை அத்திருமண வீட்டிலும் யான் உண்டேனில்லை.

தொழிலில் விளங்கிய துணிவு

இனி, தன் விசுவாசத்தை அன்றாடத் தொழிலிலே காட்டியவர்க்கு நம் தமிழ் வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டின், மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைக் கூறலாம். 1826-ஆம் ஆண்டு குளத்தூரிற் பிறந்து 1889-ஆம் ஆண்டு மறைந்த இப்பெரியார் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் முதல் தமிழ் நாவலின் ஆசிரியர். தாம் நீதிமன்றத்தில் அமர்ந்து தொழில்புரிந்தவராயிருந்தும், நீதி வழங்குவோர் கைக்கூலி பெறும் இழிவைத் தம் 'நீதி நூ'லிலே ஒளிவின்றி இடித்துரைத்தார். அயலார் குற்றத்தைக் கடிதல் எவர்க்கும் எளிது. தன் தொழிலில் உடனிருப்பாரது குற்றத்தைக் கடிதலே அரிது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்திலே தம் பொருளைப் பசித்தோர்க்கு வழங்கினார்.

அவருடைய உறுதி பிற சமயத்தாரிடத்துப் பகையாக மாறவில்லை. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உயிர்நண்பர். சைவராகிய அப்புலவர் அவர்மீது 'குளத்துக்கோவை' பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்தோடும் அவர் அன்புடன் பழகினார். தன் சமயத்தை மறையாதவன் பிறர் சமயத்தை இகழவேண்டுவதில்லை என்பதற்கு இந்நட்பினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பயில வேண்டுவன

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மாணவராகிய நாம் கைக்கொள்ளத்தக்கன மூன்று.

முதலாவது, மனிதர்முன் முழுதுஞ் சொல்ல விரும்புவோன் கடவுள்முன் முழுதுஞ் சொல்லப் பழகுதல் வேண்டும். எபிரெயருக்கு எழுதிய நிருபம் 4-ஆம் அதிகாரத்தின் இறுதியில், கிருபாசனத்தை அணுகுதற்குரிய தைரியத்தைக் குறிக்குஞ் சொல்லும் இப் 'பர்ரேசியா'வே. ஜெபத்திலே தன் அச்சத்தை மறைப்பவன் தெருவிலே தன் விசுவாசத்தை மறைப்பான்.

இரண்டாவது, சிறியவற்றிலே பழகுதல் வேண்டும். தேர்வுக்கூடத்தில் அயலான் விடைத்தாளை நோக்காதிருத்தல் எளிது. 'காட்டு' என்று வேண்டும் நண்பனிடம் 'காட்டேன்' என்று கூறியும் அவனை நண்பனாகவே வைத்துக்கொள்ளுதல் அரிது. கடைக்காரர் மறதியாய்க் கூடுதலாகத் தந்த சில்லறையைத் திருப்புதல், இல்லாத ஒருவரைப் பழிக்கும் பேச்சிற் கலவாதிருத்தல், எல்லாரும் விலக்கும் ஒருவனருகே சென்று அமர்தல் ஆகிய இவையெல்லாம் நமக்கு வாய்த்த கரிநெருப்புகள். இவற்றைக் கண்டு கைதட்டுவார் இல்லை.

மூன்றாவது, அஞ்சாமை பணிவோடு கூடியிருத்தல் வேண்டும். நம்பிக்கையைக் குறித்து வினவுவோர்க்கு விடைகூற எப்பொழுதும் ஆயத்தமாயிருக்கவும், அதனைச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் கூறவும் அறிவுறுத்தும் பகுதி, பேதுருவின் முதல் நிருபம் 3-ஆம் அதிகாரத்தில் உள்ளது. சபித்துச் சத்தியம்பண்ணி மறுதலித்தவர் பெயரால் வழங்கும் நிருபம் அது! வினாவிற்கு அஞ்சித் தோற்றவரே வினாவிற்கு விடைகூறும் முறையைக் கற்பிக்கின்றார். தோற்றவர் கற்பிக்கும் பாடத்தைத் தோற்றவராகிய நாம் தயக்கமின்றிக் கற்கலாம்.

முடிவுரை

அப்போஸ்தலருடைய நடபடிகள் என்னும் நூல் பவுலைப்பற்றிய செய்தியோடு முடிகின்றது. உரோமையிலே, காவற்சேவகன் ஒருவனோடு, வாடகை வீட்டிலே இரண்டாண்டு தங்கி, தம்மிடம் வந்த யாவரையும் ஏற்றுக்கொண்டு, மிகுந்த தைரியத்தோடு தடையின்றிக் கற்பித்தார் என்பது அதன் இறுதி. அங்கே பெருங்கூட்டமும் மேடையும் இல்லை. ஒரு வாடகை வீடும், வருவோர் போவோருமே உள்ளனர்.

மாணவ நண்பர்காள்! நம் விடுதி அறையும் அத்தகைய வாடகை வீடே. மூன்று ஆண்டு அதிற் குடியிருந்து வெளியேறுவோம். நம்மை நாடி வருவோர் நம் முகத்தைப் பார்த்து, இவன் யாரோடு இருந்தவன் என்று அறியத்தக்கவாறு அங்கே வாழ்வோமாக. இடையிலே நா தவறினும், திபேரியாக் கரையில் இட்ட நெருப்பு நமக்காகவும் எரிகின்றது என்பதை மறவாதிருப்போமாக.